சீட்டில் இருக்கும் 'மதுரா ஜில்லா' எந்த மதுரை? கப்பலேறியவர்களின் ஊரைத் தேடுவது பற்றிச் சில குறிப்புகள்

2019 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் ஆடிய டெஸ்ட் மேட்ச் பலருக்கு ஞாபகம் இருக்கும். அவங்க கேப்டன் ஃபாஃப் டு பிளெசிஸ். நம்ம சென்னை சூப்பர் கிங்ஸுக்கு ஆடினாரே, அவரேதான். அந்த மேட்சில் சேனுரன் முத்துசாமி என்று ஒரு இளைஞர் அறிமுகமானார். டெஸ்டில் அவர் எடுத்த முதல் விக்கெட் விராட் கோலி. ஸ்கோர் கார்டில் இந்த இரண்டு பெயர்களும் ஒரே பக்கத்தில் இருக்கு. ஆனா வம்சாவளி தேடுகிறவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களும் இரண்டு வேற உலகம்.

டு பிளெசிஸ் என்பது ஹியூகனோ குடும்பப் பெயர். பிரான்சில் புராட்டஸ்டன்ட் மதத்தாருக்கு இருந்த பாதுகாப்பை 1685-ல் பதினான்காம் லூயி ரத்து செய்தபோது லட்சக்கணக்கானவர்கள் நாட்டை விட்டு ஓடினார்கள். அவர்களில் ஒரு சிறு கூட்டம் 1688 வாக்கில் டச்சுக் கப்பல்களில் கேப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. இவர்களுக்கு முன்னாடியே, இன்றைய பெல்ஜியம் பக்கத்திலிருந்து பிரெஞ்சு பேசும் வலூன்கள் டச்சு நாட்டுக்கு ஓடிவந்து தனிச் சபைகள் அமைத்திருந்தார்கள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் குடிபோகும்போது சபையில் ஒரு சான்றுக் கடிதம் வாங்கிப்போய் அடுத்த ஊர்ச் சபையில் கொடுப்பது அவர்கள் வழக்கம். ஞானஸ்நானம், கல்யாணம், இந்தக் கடிதம் எல்லாமே பதிவேட்டில் ஏறும். 19-ம் நூற்றாண்டில் அந்தப் பதிவேடுகளின் பெயர்களைத் தனித்தனி அட்டைகளில் எழுதிச் சேர்த்தார்கள். லைடன் நகரத்து வலூன் நூலகத்தின் அட்டைத் தொகுப்பு அப்படி வந்ததுதான். முந்நூறு வருஷத்து நூலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக அவர்களுக்கு வழி இருக்கு. ஏன்னா அந்தக் காகிதங்களை எழுதினவங்க அவங்க ஆட்களே, அவங்க மொழியிலேயே.

முத்துசாமி அப்படி இல்லை. அது ஒரு ஆளோட பெயர். கடல் தாண்டினதும் பிள்ளைகளுக்கு அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ், ஃபிஜி, குவாதலூப் தமிழர்களில் பெரும்பாலோருக்கு வம்சாவளி தொடங்குவது கப்பல் பட்டியலில் ஒரே ஒரு வரியில். அதை எழுதியவர் ஆள் எடுக்கும் ஆபீஸ் குமாஸ்தா. அந்த வரியில் 'மதுரா' என்று இருந்தால் அதை எப்படி வாசிக்கணும், அங்கிருந்து ஒரு கிராமத்துக்கு எப்படி வந்து சேரணும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காகிதம் எங்கே இருக்கு

நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். முதல் கப்பல் ட்ரூரோ. சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16-ல் 342 பேரோடு டர்பனில் நின்றது. போனவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். இந்தக் கப்பல் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கு.

மொரீஷியஸுக்கு 1834-லிருந்து சுமார் நாலரை லட்சம் பேர் போனார்கள். அந்தப் பதிவேடுகள் மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கு. 1860களிலிருந்து எடுத்த புகைப்படங்களும் அதில் உண்டு. கொள்ளுத் தாத்தாவோட முகத்தையே பார்க்க முடியும்.

ஃபிஜிக்கு 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 பேர். 1903 வரை கல்கத்தாவிலிருந்து மட்டும்தான் கப்பல், அதுக்கப்புறம்தான் சென்னை. ஆகவே ஃபிஜி தமிழ்க் குடும்பம் என்றால் தேட வேண்டிய காலம் வெறும் 13 வருஷம்தான். ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி எமிக்ரேஷன் பாஸ் சுவா ஆவணக் காப்பகத்தில் இருக்கு.

மார்த்தினிக், குவாதலூப், ரீயூனியன் போனவர்களில் பெரும்பாலோர் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்கள். அவர்களுக்கு பிரெஞ்சு சிவில் பதிவேடுகளில் தேடணும். மலாயாவுக்குக் கங்காணி வழியாகப் போனவர்களுக்கு இப்படி ஆள்வாரிப் பட்டியல் கிடைப்பது அரிது.

பெயரைத் தேடாதீங்க, நம்பரைத் தேடுங்க

முனியம்மா, ராமசாமி, வீராசாமி என்று பெயரை வைத்துத் தேடினால் நூற்றுக்கணக்கில் வரும். ஒவ்வொரு கூலிக்கும் இறங்கிய இடத்தில் ஒரு நம்பர் கொடுத்தார்கள். அவரோட கல்யாணப் பதிவு, இறப்புச் சான்று, சில சமயம் பிள்ளைகளோட பிறப்புப் பதிவு, எல்லாத்திலும் அந்த நம்பர் கூடவே வரும். ஆகவே வேலை அங்கேயிருந்துதான் தொடங்கணும். உயிரோடு இருக்கிற மூத்தவரில் ஆரம்பித்து, ஒவ்வொரு தலைமுறையாகச் சான்றிதழ் எடுத்து, நம்பர் வரும்வரை பின்னால் போகணும். நம்பர் கிடைக்காமல் மதுரைக்கு டிக்கெட் போடுவது வீண் செலவு.

நம்பர் கிடைத்ததும் அந்த ஒரு வரியோடு நிறுத்தக் கூடாது. முன்னால் பத்து நம்பர், பின்னால் பத்து நம்பர் படிங்க. ஒரே மேஸ்திரி ஒரே வட்டாரத்தில் பிடித்த ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். உங்க ஆளின் ஊர்ப் பெயர் புரியாத கையெழுத்தில் இருக்கும். நாலு நம்பர் தள்ளி நிற்கிறவருக்கு அதே ஊரைக் குமாஸ்தா தெளிவாக எழுதியிருப்பார். பெண்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். நூறு ஆணுக்கு 40 பெண்கள் போகணும் என்று விதி இருந்தது. தனியாக வந்ததாகப் பதிவான பெண்ணின் அண்ணனோ அக்காவோ பக்கத்து வரியிலேயே இருக்கலாம்.

ஒரு வரியை வாசிப்பது

வழக்கமாக இருக்கும் கட்டங்கள் இவை: நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம். ஃபிஜி பாஸில் உயரமும், ஊரில் இருக்கும் நெருங்கிய உறவினர் பெயரும் சேர்ந்து வரும்.

வயது ஒரு குத்துமதிப்பு. 25, 30 என்று அடித்துப் போட்டிருப்பார்கள். சாதிக் கட்டத்தை ரொம்ப நம்ப முடியாது. எடுக்க மாட்டார்கள் என்று பயந்து மாற்றிச் சொன்னவர்கள் உண்டு, குமாஸ்தாவே தோணியதை எழுதியதும் உண்டு. முக்கியமாக ஒண்ணு. 'மலபார்' என்று எழுதியிருந்தால் கேரளா என்று நினைக்காதீங்க. அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் தமிழர்களையே மலபார் என்று எழுதினார்கள். இன்றைக்கும் ரீயூனியனில் தமிழ் வம்சாவளிக்காரர்களுக்கு அந்தப் பெயர்தான் ஒட்டியிருக்கு. இந்த ஒரு வார்த்தையை நம்பிக் கோழிக்கோடு போனால் ஒண்ணும் கிடைக்காது.

உடல் அடையாளம் பார்க்கச் சாதாரணமாக இருக்கும்: இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் பச்சை. ஊரைக் கண்டுபிடிக்க அது உதவாது. ஆனா அந்த ஆளைப் பற்றி அவர் உடம்பு சொன்ன ஒரே சேதி அதுதான், குறித்து வையுங்க.

மதுரா ஜில்லா எவ்வளவு பெரிசு

பெரும்பாலோர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். சீட்டில் 'மதுரா' என்று பார்த்ததும் மீனாட்சியம்மன் கோயில் வாசலில் வந்து நிற்கிறார்கள். 1910-க்கு முந்தைய மதுரா ஜில்லாவில் மதுரை, மேலூர், திருமங்கலம் மட்டுமில்லை. திண்டுக்கல், பழனி, பெரியகுளம் தாலுகாக்களும் ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களும் சேர்ந்தே இருந்தன. கொடைக்கானல் மலையிலிருந்து ராமேஸ்வரம் கடல் வரை ஒரே ஜில்லா.

1910-ல் ராமநாதபுரம் தனி ஜில்லாவாச்சு. மதுரா ஜில்லாவின் ஜமீன் பகுதிகளோடு, திருநெல்வேலியிலிருந்து சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமும் அதில் சேர்ந்தது. 1985-ல் திண்டுக்கல் பிரிந்தது. அதே வருஷம் ராமநாதபுரம் மூன்றாக உடைந்து சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்கள் வந்தன. தேனி பிரிந்தது 1990களில். ஆக, பழைய சீட்டில் உள்ள 'மதுரா' இன்றைக்கு ஆறு மாவட்டங்களில் எதுவாகவும் இருக்கலாம். அருப்புக்கோட்டை பக்கத்து ஆள் அன்றைக்கு மதுரா ஜில்லாக்காரர், இன்றைக்கு விருதுநகர் மாவட்டக்காரர். சாத்தூர்க்காரர் அன்றைக்குத் திருநெல்வேலி.

ஆகவே முதலில் சீட்டின் வருஷம், அப்புறம் தாலுகா, கடைசியில்தான் கிராமம். தாலுகாவும் அன்றைய தாலுகாவாக இருக்கணும். உசிலம்பட்டி வட்டாரம் அன்றைக்குத் திருமங்கலம் தாலுகாவுக்குள் இருந்தது. சீட்டில் திருமங்கலம் என்று இருப்பதால் இன்றைய திருமங்கலம் தாலுகாவில் மட்டும் தேடினால் பாதி இடத்தை விட்டுவிடுவீங்க. 1868-ல் நெல்சன் எழுதிய மதுரை நாட்டு மானுவல், 1906-ல் பிரான்சிஸ் எழுதிய மதுரை கெஸட்டியர், இரண்டும் பழைய எல்லைகளைப் புரிந்துகொள்ள நல்ல துணை.

ஊர்ப் பெயரைக் காதால் வாசிக்கணும்

குமாஸ்தா கேட்டதை எழுதினார். சொன்னவருக்கு எழுதத் தெரியாது, எழுதினவருக்குப் பல சமயம் அந்த ஊரே தெரியாது. அதனால் ஆங்கில எழுத்தைக் கண்ணால் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. சில பழக்கங்கள் திரும்பத் திரும்ப வரும்.

'பட்டி' என்பது 'பெட்டி', 'புட்டி' என்று வாசிக்கிற மாதிரி இருக்கும். 'கோட்டை' 'கோட்டா' ஆகும். 'குளம்' 'கோலம்' ஆகும். ழகரம் எல், ஆர், இசட் மூன்றில் எதுவாகவும் வரும். சோழவந்தானின் ஆங்கில எழுத்தை ரயில்வே ஸ்டேஷன் போர்டில் பாருங்க, 'ஷோலவந்தான்' என்றுதான் வாசிக்க வரும். சோழமண்டலமே கோரமண்டல் ஆன கதை எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சுக்காரர் எழுதியிருந்தால் இன்னொரு சுற்று வேலை: குவாதலூப்பின் 'மூத்தூசாமி' நம்ம முத்துசாமி, 'விராப்பேன்' நம்ம வீரப்பன்.

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். ஜில்லா மதுரா, தாலுகா 'மைலூர்', கிராமம் 'கோட்டம்பெட்டி'. மைலூர் என்ற தாலுகா கிடையாது, மேலூர் உண்டு. மேலூர்ப் பக்கம், திருச்சி ரோட்டில், கொட்டாம்பட்டி இருக்கு. பொருந்துது. ஆனா கொட்டாம்பட்டி என்ற பெயர் பொள்ளாச்சிப் பக்கமும் இருக்கு. தாலுகாக் கட்டம் இல்லாமல் இருந்தால் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது. புதுப்பட்டி, கோவில்பட்டி, நாயக்கன்பட்டி மாதிரிப் பெயர் என்றால் ஒரே தாலுகாவுக்குள்ளேயே இரண்டு மூன்று இருக்கும்.

இன்னொரு சிக்கல். 'எந்த ஊருப்பா?' என்று கேட்டால் நம்ம ஆட்கள் எப்படிப் பதில் சொல்வார்கள்? கேட்கிறவரைப் பொறுத்து மாறும். பக்கத்து ஊர்க்காரர் கேட்டால் உட்கடைக் கிராமத்தைச் சொல்வோம், தூரத்து ஆள் கேட்டால் சந்தை கூடும் ஊரைச் சொல்வோம். சென்னை டிப்போவில் கேட்டபோதும் இதே கதைதான். கடனுக்கோ குடும்பச் சண்டைக்கோ பயந்து ஓடியவர் ஊரை மாற்றியும் சொல்லியிருக்கலாம். ஆகவே சீட்டில் உள்ள கிராமத்தை ஒரு புள்ளியாக எடுக்காமல், அதைச் சுற்றி அஞ்சாறு மைல் வட்டமாக எடுத்துக்குங்க.

நம்ம பக்கத்துக் காகிதம் எங்கே கைவிடும்

கிராமம் ஓரளவு தெரிந்ததும் தாலுகா ஆபீசுக்குப் போய் நிலப் பதிவேட்டில் தாத்தா பெயரைப் பார்க்கலாம் என்று நினைப்பார்கள். ரயத்துவாரி தாலுகாக்களுக்கு 1880களில் செட்டில்மென்ட் ரெஜிஸ்டர் எழுதினார்கள். மானிய நிலங்களுக்கு அதற்கு முன்னாடியே, 1860களில், இனாம் ரெஜிஸ்டர் உண்டு. ஆனா ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன் கிராமங்களுக்கு அரசாங்க செட்டில்மென்ட் நடந்ததே 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான். அதற்கு முந்தின கணக்கெல்லாம் ஜமீன் கணக்கு.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒண்ணு இருக்கு. நிலப் பதிவேட்டில் பட்டாதாரர் பெயர்தான் ஏறும். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாமல் கப்பலேறியவர்களில் எத்தனை பேர் பட்டாதாரர்? பெரும்பாலோர் அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர்கள். நாலு தலைமுறை அதே ஊரில் இருந்தாலும் ஊர்க் கணக்கில் அவர்கள் பெயர் கிடையாது. சொல்லப்போனால், அவர்கள் பெயரும், தகப்பன் பெயரும், முழங்கால் தழும்பும் முதல் தடவையாகக் காகிதத்தில் ஏறியது ஊரை விட்டுப் போன அன்றைக்குத்தான். பதிவேட்டில் பெயர் இல்லை என்பதால் அந்த ஊர் இல்லை என்று முடிவு கட்டாதீங்க.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் மதராஸ் மாகாணத்தில் 1899-ல் வந்தது. அதற்குள் மொரீஷியஸ் போனவர்களில் பெரும்பாலோர் போய் முடிந்தாச்சு. ஊரிலேயே இருந்துவிட்ட அண்ணன் தம்பியின் பேரப்பிள்ளைகள் வேண்டுமானால் அதில் கிடைக்கலாம். அதிலும் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிந்திருந்தால் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மட்டும் ஹியூகனோக்கள் மாதிரி ஒரு வழி உண்டு. மதுரை மிஷனின் கத்தோலிக்கப் பங்குகளில் ஞானஸ்நானம், கல்யாணப் பதிவேடுகள் இருக்கு. இயேசு சபையின் பழைய ஆவணங்கள் கொடைக்கானல் செண்பகனூரில் இருக்கு. 1834-ல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து ஹௌட்டன் நூலகத்தில் இருக்கு. சீட்டில் சாதிக் கட்டத்தில் 'கிறிஸ்டியன்' என்று இருந்தால் தாலுகா ஆபீசுக்கு முன்னாடி பங்குச் சாமியாரைப் பாருங்க.

சாமி சொல்லும் சாட்சி

காகிதம் விடும் இடத்தில் குலதெய்வம் வரும். மொழி மறந்த குடும்பத்தில்கூடச் சாமி பெயர் தங்கியிருக்கும். குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் 'மல்தேவிலேன்' என்று ஒரு சாமி, ரீயூனியனில் 'மர்தேவிரேன்'. நம்ம மதுரை வீரன்தான் அது. ஆனா இதை வைத்து 'நாங்க மதுரைக்காரங்க' என்று முடிவு கட்டினால் தப்பாகிவிடும். மதுரை வீரனுக்குத் தமிழ்நாடு முழுக்கக் கோயில் உண்டு. மாரியம்மன், முனீஸ்வரனும் அப்படித்தான். எங்கேயும் இருக்கிற சாமி எந்த ஊரையும் காட்டாது. ஒரு ஊரோடு மட்டும் ஒட்டிய சாமிப் பெயர், அல்லது 'இந்தக் கறியை நாங்க தொட மாட்டோம்', 'கல்யாணத்துக்கு முன்னாடி இதைச் செய்வோம்' என்கிற மாதிரி ஒரு வீட்டு வழக்கம் கிடைத்தால் அதுக்கு மதிப்பு அதிகம். அதை இங்கே பங்காளிகளிடம் சொன்னால் 'அது நம்ம வகையறா வழக்கமாச்சே' என்று ஒரு பெரியவர் சொல்ல வாய்ப்பு இருக்கு.

கேட்கும் விதமும் முக்கியம். சீட்டில் உள்ள பெயரை முதலில் நீங்க சொல்லிவிடாதீங்க. 'உங்க வகையறாவில் யாராவது கப்பலேறிப் போனாங்களா?' என்று மட்டும் கேளுங்க. பெயரைச் சொல்லிவிட்டால், வீடு தேடி வந்தவரை ஏமாற்ற மனசில்லாமல் 'ஆமா, கேள்விப்பட்டிருக்கேன்' என்று விடுவார்கள். அது பொய் இல்லை, விருந்தோம்பல். ஆனா சாட்சி ஆகாது. போன நாட்டின் பெயரும் குழம்பியிருக்கும். இங்கே பல வீடுகளில் கடல் தாண்டிப் போனவர் எல்லோருமே 'கண்டிச் சீமைக்குப் போனவர்'தான்.

உண்மையில் கண்டிச் சீமைக்குப் போனவர்கள்தான் இந்த வட்டாரத்தில் ரொம்ப அதிகம். அவர்களுக்குக் கப்பல் பட்டியல் கிடையாது. கங்காணி கூட்டிப்போனார்; துண்டும் தகரச் சீட்டும்தான் அடையாளம். அந்தக் குடும்பங்கள் 1949 குடியுரிமைச் சட்டத்தின் கீழ் போட்ட மனுக்கள், 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் திரும்பியபோது கிடைத்த குடும்ப அட்டை, இவற்றிலிருந்து ஆரம்பிக்கணும். அந்த அட்டைகள் பல வீடுகளில் இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கு. தூக்கிப் போட்டுவிடாதீங்க.

எப்போ 'இதுதான் ஊர்' என்று சொல்லலாம்

இது இப்போ வெறும் ஆசைக்கான தேடல் இல்லை. மொரீஷியஸில் ஏழாவது தலைமுறை இந்திய வம்சாவளிக்காரர்களும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2024 மார்ச்சில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அங்கே போனபோது அறிவித்தார். அதனால் பழைய பதிவேட்டு வரிக்குச் சட்ட மதிப்பு வந்திருக்கு. ஊரைக் காட்டித் தருகிறேன் என்று கிளம்புகிறவர்களும் இனிமேல் பெருகத்தான் செய்வார்கள்.

ஒரு வாரம் லீவில் டர்பனிலிருந்து வருகிறவருக்கு ஏதோ ஒரு ஊரைக் காட்டிவிடுவது சுலபம். அவர் மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு போவார், பிள்ளைகளுக்குச் சொல்வார், அதுவே அடுத்த ஐம்பது வருஷத்துக்குக் குடும்ப வரலாறாகிவிடும். அதனால் ஒன்றை ஒன்று பார்த்து எழுதாத மூன்று சாட்சிகள் வேணும் என்பது என் கணக்கு. ஒண்ணு, சீட்டு வரி. இரண்டு, பக்கத்து நம்பர்களிலிருந்தோ வேறு பதிவேட்டிலிருந்தோ அதே வட்டாரம். மூணு, ஊரில் நாம சொல்லாமலே வந்த நினைவோ, ஊரோடு ஒட்டிய சாமியோ வழக்கமோ. மூன்றும் பொருந்தினால் ஊர் பெயரைச் சொல்லலாம். இரண்டுதான் என்றால் 'மேலூர்ப் பக்கம்' என்று வட்டாரத்தோடு நிறுத்திக்கலாம். ஒண்ணே ஒண்ணு என்றால் ஜில்லாவோடு நிறுத்தணும். அதுவும் பழைய ஜில்லா என்று சொல்லித்தான்.

'மேலூர்ப் பக்கம்' என்று மட்டும் தெரிந்து திரும்பிப் போவது குறை இல்லை. பெரியாறு தண்ணி வருவதற்கு முந்தைய மேலூர் எப்படிக் காய்ந்து கிடந்தது, ரயில் மதுரைக்கு வந்த 1875-க்கு முன்னாடி சென்னைக்கு எப்படி நடந்திருப்பார்கள், என்ன பயிர், என்ன கூலி, இதெல்லாம் வட்டாரம் தெரிந்தாலே தெரிந்துவிடும். தன் ஆள் ஏன் போனார் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். எந்த வீட்டுத் திண்ணையிலிருந்து எழுந்து போனார் என்பது மட்டும்தான் பாக்கி. அதைப் பாக்கியாகவே எழுதி வையுங்க. அடுத்து தேடுகிறவருக்கு அது உதவும்.